வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறதா? ஹோஸ்டிங்கை மாற்றும் முன் ஃபைலைப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்தத் தளத்தில், உங்கள் ஹோஸ்டிங்கிலேயே வீடியோக்களை ஏற்றி வைத்திருக்கிறீர்கள். மூன்று நிமிட வீடியோ, 410 மெகாபைட். பிளே பட்டனை அழுத்தினால் இருபது நொடிக்கு மேல் வட்டம் சுற்றுகிறது. ஓட ஆரம்பித்தாலும் நடுநடுவே நின்று போகிறது. ஐபோன் வைத்திருக்கும் சிலருக்கு ஓடவே இல்லை. யூடியூப் மாதிரி வேறு இடத்தில் போட விருப்பமில்லை. ஹோஸ்டிங்கைப் பெரிய திட்டத்துக்கு மாற்றினால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் சொன்ன இரண்டு எண்களை வைத்தே பார்த்தால், கோளாறு பெரும்பாலும் ஃபைலில் இருக்கிறது. பெரிய சர்வருக்குப் போனாலும் அதே ஃபைல் அதே மாதிரிதான் ஓடும், மாதாமாதம் கட்டும் பணம்தான் கூடும். இப்படி ஹோஸ்டிங் மாற்றி, சிடிஎன் (ஃபைலின் பிரதியைப் பார்ப்பவருக்கு அருகிலுள்ள சர்வரிலிருந்து கொடுக்கும் சேவை) வாங்கி, கடைசியில் வீடியோவே வேண்டாம் என்று எடுத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபைலைச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "வீடியோ ஸ்லோ" என்று நாம் சொல்வது மூன்று தனித்தனிப் பிரச்சினைகள். பிளே அழுத்தியதும் முதல் காட்சி வரத் தாமதமாவது ஒன்று. ஓட ஆரம்பித்த பிறகு விட்டு விட்டு நிற்பது இன்னொன்று. நடுவில் ஓரிடத்துக்கு இழுத்துவிட்டால் அங்கிருந்து தொடங்க நேரமெடுப்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. உங்களுக்கு முதல் இரண்டும் இருக்கின்றன. ஐபோனில் ஓடாதது நான்காவது சங்கதி, ஆனால் அதற்கும் இவற்றோடு தொடர்பு உண்டு.

சரி, எங்கே தேடுவது? கம்ப்யூட்டரில் குரோமோ ஃபயர்பாக்ஸோ திறந்து, உங்கள் பக்கத்துக்குப் போய் எஃப்12 அழுத்துங்கள். கீழேயோ பக்கவாட்டிலோ ஒரு பெட்டி விரியும். அதில் நெட்வொர்க் என்ற டேபைத் தேர்ந்தெடுத்து, மேலே இருக்கும் வடிகட்டிகளில் மீடியா என்பதை அழுத்துங்கள். கேஷை (முன்பு இறக்கியதைச் சேமித்து வைத்து மறுபடி காட்டும் வசதி) அணைக்கும் கட்டத்தை டிக் செய்துவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றி, பிளே அழுத்துங்கள். இப்போது வீடியோ ஃபைலின் பெயர் அந்தப் பட்டியலில் வரும். அது எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். பக்கத்திலேயே ஸ்டேட்டஸ் என்ற பத்தியில் 200 இருக்கிறதா 206 இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு தகவலும் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

ஃபைல் பெயர் மூன்று முறை வந்தால், அதுவும் முதல் வரி பாதியில் ரத்தாகி, இரண்டாவது வரி ஃபைலின் கடைசிப் பகுதியைக் கேட்டு, மூன்றாவது வரி மறுபடி ஆரம்பத்துக்கு வந்திருந்தால், உங்கள் வீடியோவின் அட்டவணை ஃபைலின் கடைசியில் கிடக்கிறது என்று அர்த்தம். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் தாமதத்துக்கு நான் அதிகம் கண்ட காரணம் இதுதான்.

எம்பி4 ஃபைல் பல பெட்டிகளை வரிசையாக அடுக்கிய மாதிரி இருக்கும். அதில் முக்கியமானவை இரண்டு. எம்டாட் என்ற பெட்டியில் படமும் ஒலியும் இருக்கின்றன, ஃபைலின் எடை முழுக்க அதில்தான். மூவ் என்ற பெட்டியில் அட்டவணை இருக்கிறது: எந்த ஃபிரேம் எந்த பைட்டில் தொடங்குகிறது, எவ்வளவு பெரியது, எந்த நொடியில் காட்ட வேண்டும், எந்த கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை), அகலம் உயரம் எவ்வளவு என்பதெல்லாம். மூன்று நிமிட வீடியோவுக்கு இந்த அட்டவணை நூறு இருநூறு கிலோபைட் அளவில்தான் இருக்கும். ஆனால் இது கைக்கு வராமல் பிரவுசரால் ஒரு ஃபிரேமைக்கூடக் காட்ட முடியாது. எம்டாட்டில் இருப்பது அதற்கு வெறும் பைட் குவியல்தான்.

வீடியோவைப் பதிவு செய்யும் கேமராவுக்கும் எடிட்டிங் மென்பொருளுக்கும் ஒரு சங்கடம் உண்டு. எல்லா ஃபிரேமையும் எழுதி முடித்த பிறகுதான் எது எங்கே இருக்கிறது என்று அவற்றுக்கே தெரியும். அதனால் அட்டவணையைக் கடைசியில் எழுதிவிடுகின்றன. புத்தகம் எழுதி முடித்த பிறகு பொருளடக்கத்தைப் பின்னட்டைக்கு முன்னால் ஒட்டுவது போல. கையில் முழுப் புத்தகம் இருப்பவருக்கு அதனால் தொந்தரவு இல்லை, புரட்டிக்கொள்வார். அதனால்தான் உங்கள் கம்ப்யூட்டரில் அந்த ஃபைல் சட்டென்று ஓடுகிறது. ஆனால் பக்கம் பக்கமாகத் தபாலில் வரும் புத்தகத்துக்குப் பொருளடக்கம் கடைசித் தபாலில் வந்தால் என்ன செய்வது? பிரவுசரின் நிலை அதுதான். ஆரம்பத்தைப் படித்துப் பார்க்கிறது, அட்டவணை இல்லை. சர்வரிடம் "கடைசிப் பகுதியைக் கொடு" என்று தனியாகக் கேட்கிறது. அட்டவணை கிடைத்ததும் மறுபடி முதலிலிருந்து கேட்கிறது. சர்வர் தூரத்தில் இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் போய்வரும் நேரம் சேர்ந்துகொண்டே போகும். அதைவிட மோசம், பகுதியாகக் கொடுக்கத் தெரியாத சர்வர். அது முதலிலிருந்து மட்டுமே அனுப்பும். அப்போது 410 மெகாபைட்டும் இறங்கி முடிந்த பிறகுதான் முதல் காட்சி வரும்.

இதைச் சரிசெய்வது மிகவும் எளிது. அட்டவணையைத் தூக்கி முன்னால் வைத்தால் போதும், வீடியோவை மறுபடி சுருக்கி எழுத, அதாவது என்கோட் செய்யக்கூடத் தேவையில்லை, தரமும் குறையாது. எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளை வரி மென்பொருளைப் பயன்படுத்துபவர் என்றால் கோடெக் இடத்தில் காப்பி என்று கொடுத்து, மூவ்ஃப்ளாக்ஸ் என்ற ஆப்ஷனுக்கு ஃபாஸ்ட்ஸ்டார்ட் என்ற மதிப்பைச் சேருங்கள். சில நொடிகளில் புதிய ஃபைல் வந்துவிடும். கட்டளை வரி பழக்கமில்லை என்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'வெப் ஆப்டிமைஸ்டு' என்ற கட்டத்தை டிக் செய்து மாற்றுங்கள். அது மறுபடி என்கோட் செய்யும், ஆனால் உங்கள் ஃபைலுக்கு அதுவும் தேவைதான். அட்டவணை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்க்க வேண்டுமானால், மீடியாஇன்ஃபோ என்ற கருவியின் முழு விவரப் பட்டியலில் 'ஈஸ்ஸ்ட்ரீமபிள்' என்று ஒரு வரி வரும். அதில் 'நோ' என்று இருந்தால் அட்டவணை கடைசியில் இருக்கிறது.

அடுத்தது அந்த 200, 206 விஷயம். பிரவுசர் வீடியோவை எப்போதும் துண்டு துண்டாகத்தான் கேட்க விரும்பும்: "இந்த பைட்டிலிருந்து இந்த பைட் வரை கொடு" என்று. இதற்கு ரேஞ்ச் ரிக்வெஸ்ட் என்று பெயர். சர்வர் அதைப் புரிந்துகொண்டு துண்டை மட்டும் கொடுத்தால் 206 என்று பதில் வரும். புரியாமல் முழு ஃபைலையும் கொட்டினால் 200 என்று வரும். 200 வந்தால் நடுவில் இழுத்துப் பார்ப்பது பாடாய்ப் படுத்தும். சஃபாரி இன்னும் கறார். அது முதலில் ஃபைலின் முதல் இரண்டு பைட்டுகளை மட்டும் கேட்டுப் பார்க்கும். அதற்கு ஒழுங்காக 206 பதில் வராவிட்டால் வீடியோவை ஓட்டவே ஓட்டாது. ஐபோன்காரர்களுக்கு ஓடவில்லை என்று நீங்கள் சொன்னதும் எனக்கு முதலில் தோன்றிய சந்தேகம் இதுதான்.

அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற சர்வர் மென்பொருள் வட்டிலிருக்கும் ஃபைலை நேரடியாகக் கொடுத்தால் ரேஞ்ச் தானாகவே வேலை செய்யும். கெடுவது பெரும்பாலும் நடுவில் யாராவது புகும்போதுதான். உறுப்பினர்களுக்கு மட்டும் வீடியோ காட்ட வேண்டும் என்று ஒரு பிஎச்பி ஸ்கிரிப்ட் வழியாக ஃபைலைப் படித்து அனுப்புவார்கள். அந்த ஸ்கிரிப்டில் ரேஞ்சுக்கான வரிகளை எழுதியிருக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, ஒருவர் வீடியோ பார்த்து முடிக்கும்வரை ஒரு பிஎச்பி பிராசஸ் அவருக்காகவே மாட்டிக்கொண்டிருக்கும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் தளமே திணறும். அனுமதியைச் சரிபார்க்கும் வேலையை மட்டும் ஸ்கிரிப்டிடம் விட்டு, அனுப்பும் வேலையைச் சர்வரிடமே ஒப்படைக்க வழி இருக்கிறது. என்ஜின்எக்ஸில் எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட், அப்பாச்சியில் எக்ஸ்-சென்ட்ஃபைல் என்று தேடிப் பாருங்கள். இன்னொரு காரணம், எல்லா ஃபைலையும் ஜிஜிப் என்ற முறையில் சுருக்கி அனுப்பும்படி யாரோ அமைத்திருப்பது. வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அதை ஜிஜிப் செய்தால் அளவு குறையாது, ரேஞ்ச் வசதிதான் போகும். வீடியோ வகைகளை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்போது உங்கள் ஃபைலின் எடைக்கு வருகிறேன். இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், கஷ்டமான கணக்கு இல்லை. 410 மெகாபைட்டை 8 ஆல் பெருக்கினால் 3280 மெகாபிட். அதை 180 நொடியால் வகுத்தால் 18 மெகாபிட் வருகிறது. அதாவது உங்கள் வீடியோ தடங்கலில்லாமல் ஓட, பார்ப்பவரின் இணைப்பில் நொடிக்கு 18 மெகாபிட் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒருவருக்கு 5 மெகாபிட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடி வீடியோவை இறக்க அவருக்கு மூன்றரை நொடிக்கு மேல் ஆகும். எவ்வளவு பஃபர் ஆனாலும் தீர்ந்துபோகும், நிற்கும், மறுபடி கொஞ்சம் ஓடும், மறுபடி நிற்கும். இதில் சர்வரின் தவறு ஒன்றும் இல்லை.

18 மெகாபிட் என்பது போனும் கேமராவும் பதிவு செய்யும் அளவு. பிறகு எடிட் செய்யவும் வெட்டி ஒட்டவும் வசதியாக அவை தாராளமாக எழுதுகின்றன. பார்ப்பதற்கு அவ்வளவு வேண்டாம். பலர் இதில் ஏமாறுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. யூடியூபில் அதே ஃபைலை ஏற்றினால் நன்றாக ஓடுகிறதே என்பார்கள். அங்கே ஏற்றிய ஃபைலை அப்படியே காட்டுவதில்லை. பல அளவுகளில் மறுபடி என்கோட் செய்து, பார்ப்பவரின் வேகத்துக்கு ஏற்றதைக் கொடுக்கிறார்கள். உங்கள் தளத்தில் அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை. வேர்ட்பிரஸ்கூடப் படங்களை ஏற்றினால் சின்னதும் பெரியதுமாகப் பிரதிகள் எடுத்து வைக்கும், வீடியோவை மட்டும் நீங்கள் கொடுத்தபடியே வைத்துவிடும். அந்த வேலை உங்கள் தலையில்தான்.

எவ்வளவு போதும்? பேசும் முகம், பாடம், செய்முறை விளக்கம் மாதிரியான வீடியோவுக்கு 720பி அளவில் நொடிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டரை மெகாபிட் போதும். 1080பி தேவை என்றால் மூன்றிலிருந்து ஐந்து. உங்கள் மூன்று நிமிட வீடியோவை 2 மெகாபிட்டுக்குக் கொண்டுவந்தால் 45 மெகாபைட்தான் இருக்கும். ஒன்பதில் ஒரு பங்கு. பக்கத்தில் வீடியோ தெரியும் பெட்டியின் அகலத்தையும் பாருங்கள். 4கே ஃபைலில் 720பி ஃபைலைப் போல ஒன்பது மடங்கு புள்ளிகள் உண்டு. எழுநூறு புள்ளி அகலமுள்ள பெட்டியில் அதைக் காட்டினால், முழுத் திரையில் பார்ப்பவரைத் தவிர மற்றவர்களுக்கு அந்தக் கூடுதல் புள்ளிகள் கண்ணிலேயே படாது.

என்கோட் செய்யும்போது பிட்ரேட்டை (நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை) நேரடியாகக் கொடுப்பதைவிடத் தரத்தை வைத்துச் சொல்வது நல்லது என்பது என் அனுபவம். எஃப்எஃப்எம்பெக்கும் ஹேண்ட்பிரேக்கும் பயன்படுத்தும் எக்ஸ்264 என்கோடரில் இதற்கு சிஆர்எஃப் என்று ஓர் எண் உண்டு. 0 முதல் 51 வரை போகும், எதுவும் சொல்லாவிட்டால் 23. எண் கூடினால் தரமும் அளவும் குறையும். ஆறு எண் கூட்டினால் அளவு ஏறக்குறைய பாதியாகும். பேச்சு வீடியோவுக்கு 24, 25 என்று தொடங்குங்கள். முதலில் ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி என்கோட் செய்து, கண்ணால் பார்த்து முடிவெடுங்கள். இலை அசைவது, தண்ணீர் ஓடுவது, கூட்டம் நகர்வது போன்ற காட்சிகளில் சிஆர்எஃப் பிட்ரேட்டைத் திடீரென்று ஏற்றிவிடும். அந்த இடத்தில்தான் வீடியோ நிற்கும். அதைத் தடுக்க மேக்ஸ்ரேட், பஃப்சைஸ் என்ற இரண்டு ஆப்ஷன்களும் சேர்த்துக் கொடுத்து உச்ச வரம்பு போட்டுவிடுங்கள். 720பிக்கு 2.5 மெகாபிட் வரம்பு, பஃப்சைஸ் அதைப்போல இரண்டு மடங்கு என்று நான் வைப்பது வழக்கம். நொடிக்கு 60 ஃபிரேமில் எடுத்திருந்தால், விளையாட்டு, நடனம் தவிர மற்றதற்கு 30 ஆக்கிவிடலாம். ஒலிக்கு ஏஏசி 128 கிலோபிட் தாராளம். வெறும் பேச்சு என்றால் மோனோவில் 96கூடப் போதும்.

இழுத்துவிட்டால் தாமதமாகிறது என்று பிற்பாடு யாராவது புகார் சொன்னால் கீஃபிரேம் இடைவெளியைப் பாருங்கள். முழுப் படமாகப் பதிவான ஃபிரேமுக்குத்தான் கீஃபிரேம் என்று பெயர். மற்றவை முன்பின் ஃபிரேம்களிலிருந்து மாறியதை மட்டும் வைத்திருக்கும். எக்ஸ்264 தானாக விட்டால் 250 ஃபிரேம் வரைக்கும் ஒரு கீஃபிரேம்கூட இல்லாமல் போகலாம். 30 ஃபிரேம் வீடியோவில் அது எட்டு நொடிக்கு மேல். 60 என்று வைத்தால் இரண்டு நொடிக்கு ஒன்று கிடைக்கும். ஃபைல் கொஞ்சம் பெரிதாகும், பரவாயில்லை.

கோடெக் பற்றி ஒரு வார்த்தை. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் புதிய ஐபோன்கள் வீடியோவை எச்இவிசி முறையில் பதிவு செய்யும் வசதியோடு வருகின்றன. அந்த ஃபைலை அப்படியே தளத்தில் ஏற்றினால் ஆப்பிள் கருவிகளில் ஓடும், மற்ற சில கருவிகளிலும் பிரவுசர்களிலும் ஒலி மட்டும் வரலாம் அல்லது ஒன்றுமே வராமல் போகலாம். பார்ப்பவர் அதையும் "லோடு ஆகவில்லை" என்றுதான் சொல்வார். எச்.264 பழையது, 2003இல் வந்தது. ஆனால் இன்றைக்கும் எல்லா இடத்திலும் ஓடுவது அதுதான். முதலில் அதில் ஒன்று சரியாக வையுங்கள். 2018இல் வந்த ஏவி1 அதே தரத்தைக் குறைந்த அளவில் தரும். ஆனால் என்கோட் செய்ய நேரம் அதிகம், பழைய போன்கள் அதை ஓட்டத் திணறும். வேண்டுமானால் இரண்டையும் வைத்து, பக்கத்தின் எச்டிஎம்எல்லில் இருக்கும் வீடியோ டேகுக்குள் சோர்ஸ் வரிகளில் ஏவி1ஐ முதலிலும் எச்.264ஐ அடுத்ததாகவும் எழுதலாம். பிரவுசர் தனக்கு ஓடக்கூடிய முதல் ஒன்றை எடுத்துக்கொள்ளும். அப்படி எழுதும்போது டைப் என்ற பகுதியில் கோடெக் பெயரையும் விடாமல் கொடுங்கள். இல்லாவிட்டால், ஓடுமா ஓடாதா என்று தெரிந்துகொள்ளவே பிரவுசர் ஃபைலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம், பக்கத்தின் அமைப்பு. இதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தையல் சொல்லித்தரும் ஒரு தளம். ஒரே பக்கத்தில் பன்னிரண்டு வீடியோக்கள். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம், அளவும் பெரிதில்லை, அட்டவணையும் முன்னால்தான் இருந்தது. ஆனாலும் பக்கம் ஏறவே மாட்டேன் என்றது. வீடியோ மட்டுமில்லை, மேலே இருந்த படங்கள்கூட வெள்ளைக் கட்டங்களாக நின்றன. நெட்வொர்க் டேபைத் திறந்து பார்த்தால் ஆறு வீடியோக்கள் ஒரே நேரத்தில் இறங்கிக்கொண்டிருந்தன, மற்றவை எல்லாம் 'பெண்டிங்' என்று காத்துக்கொண்டிருந்தன. காரணம் இரண்டு. எல்லா வீடியோ டேகிலும் பிரீலோடு என்ற இடத்தில் ஆட்டோ என்று எழுதியிருந்தார்கள், அதாவது யாரும் பிளே அழுத்தாமலே இறக்கத் தொடங்கு என்று. சர்வரோ பழைய எச்டிடிபி 1.1இல் இருந்தது. அதில் ஒரு தளத்துக்குப் பிரவுசர் ஒரே நேரத்தில் ஆறு இணைப்புகள்தான் திறக்கும். ஆறையும் வீடியோக்கள் பிடித்துக்கொண்டதால் படங்களுக்கு வழி இல்லை.

பிரீலோடை நன் (எதையும் முன்கூட்டி இறக்காதே) என்று மாற்றி, ஒவ்வொரு வீடியோவுக்கும் பிளே அழுத்தும் வரை தெரியும் போஸ்டர் படம் ஒன்று வைத்தோம், ஐம்பது அறுபது கிலோபைட் அளவில். அவ்வளவுதான், பக்கம் உடனே வந்துவிட்டது. வீடியோவைத் தொட்டால் மட்டும் அது இறங்கத் தொடங்கியது. உங்கள் பக்கத்தில் ஒரே வீடியோதான், அதைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள் என்றால் மெட்டாடேட்டா என்று வையுங்கள். அட்டவணை முன்கூட்டியே வந்துவிடும், பிளே அழுத்தியதும் சட்டென்று ஓடும். இரண்டுக்கு மேல் வீடியோ இருந்தால் நன்தான் சரி. வீடியோ டேகில் அகலம் உயரத்தை எழுத மறக்காதீர்கள். இல்லையென்றால் படிக்கும்போது பக்கம் குதிக்கும்.

இவ்வளவும் சரியான பிறகுதான் சர்வரைப் பற்றிப் பேச வேண்டும். நெட்வொர்க் டேபில் வீடியோ வரியைத் திறந்து டைமிங் பகுதியைப் பாருங்கள். காத்திருக்கும் நேரம் அதிகமா, இறங்கும் நேரம் அதிகமா? காத்திருப்பு நீண்டால் சர்வர் பதில் சொல்லவே தாமதிக்கிறது அல்லது அது வெகு தொலைவில் இருக்கிறது. இறங்குவது மட்டும் மெதுவாக இருந்தால், அனுப்பும் வேகத்துக்கு எங்கோ வரம்பு இருக்கிறது. பார்ப்பவரின் இணைப்பாக இருக்கலாம், உங்கள் ஹோஸ்டிங்கின் வரம்பாகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி, அதே ஃபைலை நல்ல வேகமுள்ள வேறு இரண்டு இணைப்புகளிலிருந்து இறக்கிப் பார்ப்பது. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மெதுவாக வந்தால் ஹோஸ்டிங்தான்.

தூரம் ஏன் இவ்வளவு படுத்துகிறது என்று ஒரு கணக்கு சொல்கிறேன். பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையிலான டிசிபி இணைப்பு எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் அனுப்பாது. பெரும்பாலான சர்வர்களில் முதல் சுற்றில் (ஒருமுறை போய்வருவது ஒரு சுற்று) சுமார் 14 கிலோபைட் போகும். பதில் வந்ததும் அடுத்த சுற்றில் இரட்டிப்பு, அதற்கடுத்து அதன் இரட்டிப்பு. ஒரு சுற்றுக்கு 200 மில்லிநொடி ஆகும் தூரத்தில் சர்வர் இருந்தால், நானூறு சொச்சம் கிலோபைட் வந்துசேர ஐந்து சுற்று, அதாவது ஒரு நொடி. அதற்கு முன்னால் இணைப்பு ஏற்படவும் பாதுகாப்புச் சாவி பரிமாறவும் இன்னும் இரண்டு மூன்று சுற்று. பார்ப்பவருக்கு எவ்வளவு வேகமான நெட் இருந்தாலும் இந்த நேரம் குறையாது. 20 மில்லிநொடி தூரத்தில் இருக்கும் சிடிஎன் சர்வரிலிருந்து வந்தால் எல்லாம் பத்தில் ஒரு பங்காகிவிடும். சிடிஎன்னுக்குப் பணம் கொடுப்பது இதற்குத்தான். பல நாடுகளிலிருந்து பார்ப்பவர்கள் வருகிறார்கள் என்றால் அது வேண்டும். எல்லாரும் சர்வருக்குப் பக்கத்திலேயே இருந்தால் அவசியமில்லை.

சிடிஎன் வைத்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். பெரிய ஃபைல்களைக் கேஷ் செய்ய வரம்பு இருக்கும். கிளவுட்ஃபிளேர் என்ற சிடிஎன் சேவையின் இலவசத் திட்டத்தில் அது 512 மெகாபைட். இலவசத் திட்டங்களில் வீடியோவை அதிகமாக அனுப்ப அனுமதி உண்டா என்று விதிகளைப் படித்துவிடுங்கள். பதில் ஹெடரில் (ஃபைலோடு சேர்ந்து வரும் குறிப்பு வரிகளில்) ஹிட் என்று வருகிறதா மிஸ் என்று வருகிறதா என்று பாருங்கள். மிஸ்ஸாகவே வந்துகொண்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் உங்கள் சர்வரிலிருந்துதான் போகிறது. வீடியோவை மாற்றி ஏற்றும்போது ஃபைல் பெயரையும் மாற்றுங்கள். பழைய பெயரிலேயே ஏற்றினால் கேஷில் இருக்கும் பழைய ஃபைலே ஓடிக்கொண்டிருக்கும், சரிசெய்தும் சரியாகவில்லை என்று நீங்கள் குழம்புவீர்கள்.

சர்வரின் திறனையும் ஃபைலோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். 18 மெகாபிட் வீடியோவை இருபது பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் 360 மெகாபிட். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்புள்ள சர்வர் அதைத் தாங்காது. அதே வீடியோ 2 மெகாபிட் என்றால் இருபது பேருக்கு 40தான், அதே சர்வர் அலட்டிக்கொள்ளாமல் கொடுத்துவிடும். ஹோஸ்டிங்கை மாற்றாதீர்கள் என்று முதலிலேயே சொன்னதற்கு இதுதான் காரணம்.

எச்எல்எஸ் போடலாமா என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த முறை அது. வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் பல பிட்ரேட்டுகளில் வைத்து, பார்ப்பவரின் வேகம் ஏற இறங்க அதற்கேற்ற துண்டை எடுத்துக்கொள்ள விடுவது. ஆப்பிள் பரிந்துரைக்கும் துண்டு நீளம் ஆறு நொடி. சஃபாரியில் நேரடியாக ஓடும், மற்றவற்றில் எச்எல்எஸ்.ஜேஎஸ் என்ற நூலகத்தைச் சேர்த்தால் ஓடும். அரை மணி, ஒரு மணி வீடியோவுக்கும், வேகம் நிலையில்லாத மொபைல் இணைப்பில் பார்ப்பவர்களுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மூன்று நிமிட வீடியோவுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ஒரு ஃபைலுக்குப் பதில் நூற்றுக்கணக்கான துண்டுகளைப் பராமரிக்க வேண்டும், எல்லாப் பிட்ரேட்டிலும் கீஃபிரேம்கள் ஒரே இடத்தில் விழ வேண்டும், ஸ்கிரிப்ட் ஒன்று கூடுதலாக ஏற வேண்டும். நன்றாகச் சுருக்கிய ஒரே எம்பி4 உங்களுக்குப் போதும்.

ஆகவே இன்று ஒரே ஒரு வீடியோவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக்கில் திறந்து, 720பி, 30 ஃபிரேம், எச்.264, தரம் 24, வெப் ஆப்டிமைஸ்டு டிக் என்று வைத்து மாற்றி, புதிய பெயரில் ஏற்றுங்கள். மூல ஃபைலை அழித்துவிடாதீர்கள், நாளைக்கு வேறு கோடெக்கில் மாற்ற அதுதான் வேண்டும். டேகில் பிரீலோடு மெட்டாடேட்டா, ஒரு போஸ்டர். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். ஐபோன்காரர் ஒருவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதன் பிறகும் சுற்றினால் மூன்று விவரங்களை எனக்கு எழுதுங்கள்: புதிய ஃபைலின் அளவு, நெட்வொர்க் டேபில் வந்த ஸ்டேட்டஸ் எண், டைமிங்கில் காத்திருந்த நேரமும் இறங்கிய நேரமும். அந்த மூன்றும் இருந்தால் எங்கே மாட்டுகிறது என்று சொல்லிவிடலாம்.